கருமுட்டைக்கும் சாதி கேட்கிறார்கள்

"இது வசதியானவங்க பிரச்சினை தோழர். நமக்கு ஆயிரம் வேலை கெடக்கு."

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் சொன்னது இது. குழந்தையின்மைச் சிகிச்சை பற்றி ஒரு நாள் பேசலாமா என்று ஒரு பெண் தோழர் கேட்டிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில். ஆணவக் கொலை நடக்கிறது, மலக்குழியில் நம் ஆட்கள் சாகிறார்கள், வேங்கைவயல் அப்படியே கிடக்கிறது, இதற்கு நடுவில் டெஸ்ட் டியூப் பேபியா என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். கேட்ட தோழர் கையில் வைத்திருந்த காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

அன்றைக்குத் திறக்காத வாயை இன்றைக்குத் திறக்கிறோம். அந்தத் தோழரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். பெயரும் ஊரும் இல்லாமல் எழுதச் சம்மதித்தார். எழுதியதைப் படித்துப் பார்த்து இரண்டு இடங்களை அடித்தும் கொடுத்தார். மருத்துவ விஷயங்களை அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு மகப்பேறு மருத்துவத் தோழரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டோம்.

அந்தக் காகிதத்தில் இருந்தது

தோழருக்கு வயது 34. வீட்டில் முதல் பட்டதாரி. அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய். கல்யாணம் ஆகி மூன்று வருடம். காகிதத்தில் இருந்தது ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு: ஏ.எம்.எச். 0.6.

நகரத்தில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்துக்குப் போயிருக்கிறார். மருத்துவர் அவரோடு பேசியது பத்து நிமிடம். "முட்டை தீர்ந்துக்கிட்டே வருதும்மா. உங்க முட்டையை வெச்சுப் பண்ணா சான்ஸ் கம்மி. டோனருக்குப் போயிடுங்க. இந்த மாசமே ஆரம்பிச்சா நல்லது." அவ்வளவுதான். அடுத்து கவுன்சிலர் மேசை. அங்கே பேக்கேஜ் அட்டை, மாதத் தவணைக்குக் கடன் படிவம் எல்லாம் தயாராக இருந்தன. படிவத்தில் 'கம்யூனிட்டி' என்று ஒரு கட்டம். தோழர் உண்மையை எழுதினார். கவுன்சிலர் அதைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்:

"டோனரைப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம். உங்க கம்யூனிட்டியிலயே பாத்துக் குடுத்துடலாம். அது ஈஸிதான்."

"எது ஈஸி?"

"உங்க சைடுல நெறைய பேர் வருவாங்க மேடம்."

தோழர் எழுந்து வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு ஊருக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து அழுததாகச் சொன்னார். முட்டை குறைவு என்பதற்காக மட்டும் அந்த அழுகை வரவில்லை. "வாங்குற இடத்துலயும் சாதி, விக்கிற இடத்துலயும் சாதி. ரெண்டு பக்கமும் நாமதான் நிக்கிறோம்" என்றார். இதைக் கேட்ட பிறகும் இது வசதியானவர் பிரச்சினை என்று யாராவது சொன்னால், அவரோடு வாதாடத்தான் வேண்டும்.

எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

முதலில் அந்த 0.6-ஐப் பார்ப்போம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் சினைப்பைகளில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை முட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். வாழ்நாள் முழுக்க வெளிவருவது சுமார் 400. மற்றவை தானாகவே அழிந்துவிடும். புதிதாக முட்டை உண்டாவதில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும் ஹார்மோன்தான் ஏ.எம்.எச். மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஸ்கேன் எடுத்துச் சினைப்பையில் எத்தனை சின்னஞ்சிறு நீர்க்குமிழ்கள் தெரிகின்றன என்று எண்ணுவது இன்னொரு வழி. பொதுவாக ஏ.எம்.எச். 1.1 அல்லது 1.2 நானோகிராமுக்குக் கீழே, நீர்க்குமிழ்கள் ஐந்து ஏழுக்குக் கீழே என்றால் கையிருப்பு குறைவு என்கிறார்கள்.

இந்த எண் சொல்வது எண்ணிக்கையை மட்டுமே. தரத்தைச் சொல்லாது. முட்டையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. ஏ.எம்.எச். குறைந்த 34 வயதுப் பெண்ணின் முட்டை, 34 வயதின் முட்டைதான். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்த எண் இறங்கித் தெரியும். 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, 30 முதல் 44 வயது வரை உள்ள, குழந்தையின்மை வரலாறு இல்லாத பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள் என்பதுதான் அதன் முடிவு. ஐ.வி.எஃப். செய்யும்போது ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க இந்த எண் உதவும். இவள் தாயாவாளா மாட்டாளா என்று தீர்ப்பு எழுத உதவாது.

அதற்காக எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கையிருப்பு குறைவு என்றால் காலம் குறைவு என்பது உண்மைதான். சும்மா மூன்று வருடம் காத்திருக்கலாம் என்று சொல்பவரும் ஏமாற்றுகிறார். ஆனால் யோசிக்க நேரம் வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கு ஒரு மாதம் இரண்டு மாதம் நிச்சயம் உண்டு. "இந்த மாசமே" என்ற அவசரம் பேக்கேஜ் விற்பவரின் அவசரம்.

தாமதம் யாருடையது?

"படிப்பு படிப்புன்னு இருந்துட்டு இப்ப வந்து நிக்கிறா" என்று தோழரின் மாமியார் அண்டை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். கருத்தரிப்பு மையச் சுவரொட்டிகளும் இதையேதான் நாகரிகமாகச் சொல்கின்றன: வேலைதான் முக்கியம் என்று இருந்த நவீனப் பெண், தாமதமாக விழித்துக்கொண்டாள்.

எங்கள் தோழர் எதற்குத் தாமதித்தார்? முனைவர் பட்டம் முடிக்க வேண்டியிருந்தது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றபோது டியூஷன் எடுத்தார். நிரந்தர வேலை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தம்பியைப் படிக்க வைத்தார். முதல் தலைமுறையாகப் படிப்பவளுக்கு முப்பது வயது வரை கிடைப்பதெல்லாம் காத்திருப்புதான். அவள் உடம்பிலிருந்து பத்து வருடத்தை எடுத்துக்கொண்ட அமைப்பு, கடைசியில் அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கையிருப்பு குறைய வயது மட்டும் காரணம் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் சினைப்பையைத் தாக்கும். அதற்குச் செய்யும் கட்டி அறுவை சிகிச்சையிலும் முட்டைகள் போகும். அந்த நோயின் முதல் அடையாளம் தாங்க முடியாத மாதவிடாய் வலி. நம் தெருப் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு என்ன மாத்திரை என்றே சொல்லாமல் கொடுத்து மெஷினில் உட்கார வைத்தார்கள் என்பது 2019-ல் சர்வதேசச் செய்தி நிறுவனம் ஒன்றின் விசாரணையிலேயே வந்தது. வலியை அமுக்கினால் நோய் யாருக்குத் தெரியும்? காசநோயும் நுரையீரலோடு நிற்பதில்லை. கருக்குழாயையும் கருப்பையின் உட்சுவரையும் அது பாழாக்கும். நெருக்கமான வீடு, சத்தில்லாத சாப்பாடு, காசநோய் மூன்றும் யார் தெருவில் ஒன்றாக இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை.

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிடாய் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் ஒப்பந்தக்காரர் அபராதம் போடுவார் என்று கருப்பையையே எடுத்துக்கொண்டார்கள். 2019-ல் அரசு அமைத்த குழு சுமார் 82 ஆயிரம் பெண்களிடம் விசாரித்ததில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை நீக்கப்பட்டவர்கள். அவர்களில் இருபதுகளில் இருந்தவர்களும் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் கருத்தடை அறுவை செய்தார். 13 பெண்கள் இறந்துபோனார்கள். அவர்கள் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் இப்படிப்பட்ட முகாம்களை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது.

பிள்ளை வேண்டாம் என்று சொல்ல நம் வீடு தேடி வரும் அரசு, கருத்தடைக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. பிள்ளை வேண்டும் என்று நாம் போனால்? ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் விலக்குப் பட்டியலில் குழந்தையின்மைச் சிகிச்சை இருக்கிறது. நம் கருப்பையை மூடுவது பொதுச் செலவு, திறப்பது சொந்தச் செலவு. இதுதான் கணக்கு.

ஆய்வகத்துக்குள் வந்த அகமணம்

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரையை நம் வட்டத்தில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும் கைம்மையும் குழந்தைத் திருமணமும் வந்தன என்று அண்ணல் விளக்கினார். பெண்ணின் உடம்பைப் பூட்டாமல் சாதியைப் பூட்ட முடியாது என்பதுதான் அதன் சாரம்.

இப்போது டோனர் படிவத்தின் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். அங்கே தாலி இல்லை, பந்தல் இல்லை, முகம் தெரியாத ஒரு பெண்ணின் ஒற்றை உயிரணுதான். கண்ணுக்கே தெரியாத அதற்கும் சாதி கேட்கிறார்கள். முட்டைக்குள் சாதி எங்கே இருக்கிறது? எந்த நுண்ணோக்கியும் காட்டாது. ஆனால் 'நம்ம ஆளுங்க முட்டையா', 'கொஞ்சம் கலரா இருக்குமா' என்ற கேள்விக்குச் சந்தையில் விலை இருக்கிறது. ஆதிக்கச் சாதித் தம்பதிக்கு அது 'மேட்ச்சிங்'. நமக்கு 'ஈஸி'.

ஏன் ஈஸி? கொடுக்க வருபவர்கள் ஏழைகள் என்பதால். 2021-ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 23 முதல் 35 வயது வரை உள்ள பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் முட்டை கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்கு ஓராண்டுக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும், முட்டையை விற்கவோ வாங்கவோ கூடாது என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அடுத்த ஆண்டே, 2022-ல், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுத்தது வெளியே வந்தது. போலி ஆதாரில் வயதைக் கூட்டியிருந்தார்கள். பெற்ற தாயும் கைதானார். அரசு விசாரணைக் குழு போட்டு மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து, ஊசியால் உறிஞ்சி எடுப்பதுதான் முட்டைதானம். சில பேருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகும். எடுத்த மறுநாள் அவளுக்கு வயிறு வீங்கினால் யாரிடம் போவாள்? புரோக்கர் போனை எடுப்பாரா? தோழர் எங்களிடம் கேட்டது இதுதான்: "எனக்குப் பிள்ளை வேணும். ஆனா அதுக்கு என் தெருப் பொண்ணு ஒருத்தி பணத்துக்காகப் படுக்கணும்னா, நான் என்ன பண்ணணும்?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் சுலபமான பதில் இல்லை. தானமுட்டை வாங்குகிற எந்தப் பெண்ணையும் நாங்கள் குற்றவாளி ஆக்க மாட்டோம். வற்புறுத்தல் இல்லாமல், சட்டப்படி, தன் உடல்நலத்துக்கு உத்தரவாதத்தோடு ஒரு பெண் கொடுக்கிறாள் என்றால் அது அவள் முடிவு. அவள் காப்பீட்டுக் காகிதம் எங்கே, முட்டை எடுத்த பிறகு அவளைக் கவனிப்பது யார் என்று கேட்கும் பொறுப்பு மட்டும் வாங்குகிறவருக்கு உண்டு. நம்மை விட்டால் அதைக் கேட்க வேறு ஆள் இல்லை.

எதை எதோடு எடை போடுவது

தோழரோடு உட்கார்ந்து, அவர் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பேசினோம். இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்காவது உதவும் என்று அதை இங்கே வைக்கிறோம்.

முதல் கேள்வி கணவருக்கு. விந்துப் பரிசோதனை செய்தாயிற்றா? எங்கள் தோழரின் இணையர் எல்லா ஆர்ப்பாட்டத்திலும் முன்வரிசையில் நின்று பறையடிப்பவர். எட்டு மாதமாக அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு அதற்குள் நான்கு ஸ்கேன், ஆறு முறை ரத்தம். குழந்தையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. சில நூறு ரூபாய்ச் சோதனை அது. ஆண் தோழர்களே, பெண் விடுதலை பற்றி மேடையில் பேசுவதற்கு முன்னால் அந்தச் சின்ன டப்பாவை வாங்கிக்கொண்டு போங்கள்.

அவர் பரிசோதனை சரியாக இருந்து, இவர் கருக்குழாய்கள் அடைப்பில்லாமல் இருந்து, மாதவிடாய் ஒழுங்காக வந்தால், ஒரு குறிப்பிட்ட காலம் இயல்பாக முயல்வதும் ஒரு வழிதான். 35-ஐ நெருங்குகிறவருக்கு அந்தக் காலம் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐ.யு.ஐ. எனப்படும், விந்துவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்தும் முறை செலவு குறைவானது. ஆனால் கையிருப்பு குறைந்தவர் அதிலேயே வருடங்களைக் கழிக்கக் கூடாது.

அடுத்தது சொந்த முட்டையில் ஐ.வி.எஃப். கையிருப்பு குறைந்தவருக்கு ஒரு சுற்றில் ஒன்றோ மூன்றோ முட்டைதான் கிடைக்கும். சில சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் பாதியில் நிறுத்த வேண்டி வரும். கிடைத்ததெல்லாம் கருவாகாது, கருவானதெல்லாம் தங்காது. எனவே ஒரே சுற்றில் முடியும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. ஊசி மருந்தைக் கூட்டினால் முட்டை கூடும் என்பதும் ஓர் எல்லை வரைதான். இல்லாத முட்டையை எந்த ஊசியும் உண்டாக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 300 யூனிட்டுக்கு மேல் கொடுப்பதை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. குறைந்த அளவு ஊசியோடு செய்யும் முறையும் இருக்கிறது. ஊசிதான் பெருஞ்செலவு என்பதால், 'எனக்குக் குறைந்த அளவு மருந்து போதாதா?' என்று கேட்பது உங்கள் உரிமை.

பிறகு வருவது கூடுதல் சரக்கு. 'ஓவரியைப் புதுப்பிக்கிறோம்' என்று சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தைச் சினைப்பையில் செலுத்துவது, ஸ்டெம் செல், வளர்ச்சி ஹார்மோன், விதவிதமான மாத்திரைகள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. குழந்தை பிறப்பதை இவை கூட்டும் என்று சொல்ல உறுதியான சான்று இன்னும் இல்லை. தோழரின் பேக்கேஜ் அட்டையில் இவற்றில் மூன்று இருந்தன. மூன்றும் சேர்ந்தால் அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

தானமுட்டையில் வெற்றி வாய்ப்பு அதிகம் என்பது உண்மை, முட்டை இளம் வயதுடையது என்பதால். 40-ஐத் தாண்டியவருக்குச் சொந்த முட்டையில் வாய்ப்பு வேகமாக இறங்குகிறது. 43, 44-க்கு மேல் மிகமிகக் குறைவு. அந்த வயதில் ஒரு மருத்துவர் டோனர் என்று சொன்னால் அது நேர்மையான பேச்சாக இருக்கலாம். 34 வயதில், ஒரு சுற்றுக்கூட முயலாமல், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்துச் சொன்னால் காரணம் கேட்க வேண்டும். இன்னொரு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தத்து. இதை வாய்க்கு வந்தபடி அறிவுரையாகச் சொல்பவர்கள் அதிகம். சட்டப்படியான தத்துக்குக் காரா அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்த்து உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். ஆகவே விருப்பம் இருந்தால், சிகிச்சையெல்லாம் தோற்ற பிறகு என்று தள்ளிப் போடாமல் முன்கூட்டியே பதியலாம். நம் சேரிகளில் அக்கா பிள்ளையை, அண்ணன் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய பெண்கள் எத்தனை பேர்! பெறாத பிள்ளைக்குத் தாயாக இருப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் அது அவளாகத் தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும். தோற்றவளுக்கு ஊர் கொடுக்கும் தண்டனையாக இருக்கக் கூடாது.

கடைசி வழி, நிறுத்திக்கொள்வது. இதையும் ஒரு வழியாகச் சொல்லும் கருத்தரிப்பு மையத்தை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு பணம், எந்த வயது வரை என்று தொடங்குவதற்கு முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கோட்டில் நின்று, போதும் என்று சொல்கிற பெண் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'மலடி' என்ற சொல்லை நம் தெருவில் யார் சொன்னாலும், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் எப்படி எழுவோமோ அப்படி எழ வேண்டும்.

எந்த வழியில் போனாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை:

என் வயதில், என் அளவு கையிருப்பு உள்ளவர்களில் உங்கள் மையத்தில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது? கரு தங்கியது எத்தனை என்று சொல்ல வேண்டாம், பிறந்தது எத்தனை?

பாதியில் நிறுத்தினால் பணத்தில் எவ்வளவு திரும்பும்?

இந்தக் கூடுதல் சிகிச்சை இல்லாமல் செய்தால் என்ன குறையும்?

உங்கள் மையம் 2021 சட்டத்தின்படி பதிவு பெற்றதா? சான்றிதழைக் காட்டுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரலாமா?

இரண்டு நண்பர்களுக்குப் பதில்

வசதியானவர் பிரச்சினை என்று சொன்ன மூத்த தோழருக்கு: பணம் இருப்பவருக்குச் சிகிச்சை கிடைக்கிறது. நமக்கு நோய் மட்டும் கிடைக்கிறது. கல்வியும் ஒரு காலத்தில் 'அவங்க விஷயம்'தான். அதை அப்படியே விட்டுவிட்டோமா? ஆணவக் கொலையையும் இந்தப் படிவத்தின் கட்டத்தையும் பெற்ற தாய் ஒருத்திதான். யார் யாரோடு சேர்ந்து யாருக்குப் பிள்ளை பெறலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமே அவள். ஒன்று அரிவாளோடு வருகிறது, மற்றொன்று ஏ.சி. அறையில் பேனாவோடு வருகிறது.

இன்னொரு நண்பர் பெரியாரை இழுத்தார். பிள்ளை பெறுவதே பெண்ணடிமைத்தனம் என்று அவர் சொன்ன பிறகு நாம் ஏன் ஊசி போட்டுக்கொண்டு அலைய வேண்டும் என்றார். பெரியார் கேட்டது பெண்ணுக்குத் தன் கருப்பை மீது அதிகாரம். அந்த அதிகாரத்தில் வேண்டாம் என்பதும் உண்டு, வேண்டும் என்பதும் உண்டு. அண்ணலும் இரண்டு பக்கமும் நின்றார். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழிலாளிப் பெண்களின் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்து, அந்தச் செலவைப் பெரிதும் அரசு ஏற்க வேண்டும் என்று பேசினார். 1938-ல் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் ரோகம், குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளைக் கோரி பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த உரையைத் தயாரித்தவர் அம்பேத்கர். பெறவும் உதவி, தவிர்க்கவும் உதவி. 1994-ல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் இதையே 'இனப்பெருக்க நீதி' என்று பெயரிட்டார்கள்: பெறாமலிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்றதைப் பாதுகாப்பாக வளர்க்கும் உரிமை. கட்டாயக் கருத்தடையை அவர்களும் அனுபவித்திருந்தார்கள். அதனால்தான் மூன்றையும் சேர்த்துக் கேட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியது

சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் அமைக்கும் என்ற அறிவிப்பு வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். கோவா 2023-லேயே தன் அரசு மருத்துவக் கல்லூரியில் இலவச ஐ.வி.எஃப். தொடங்கிவிட்டது. எழும்பூரோடு நிற்கக் கூடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு மாதம் ஐந்து முறை ஊசிக்கு வருகிற கூலிப் பெண்ணின் நாள்கூலியை யார் கொடுப்பது? மாவட்டந்தோறும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தப் பிரிவு வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு முழு இடம் வேண்டும். டோனர் படிவத்தில் சாதிக் கட்டம் இருக்கவே கூடாது, சாதி பார்த்து முட்டை தேடித் தருவது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். முட்டை கொடுத்த பெண்ணின் கையில் அவள் மொழியில் அவள் காப்பீட்டுக் காகிதம் இருக்க வேண்டும். வயதுவாரியாக வெற்றி விகிதத்தை ஒவ்வொரு மையமும் சுவரில் எழுதிப்போட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தையின்மைப் பிரிவு உண்டா, என்ன பரிசோதனை இலவசம், ஐ.யு.ஐ. செய்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். வந்த பதிலை உங்கள் தெருப் பெண்களிடம் படித்துக் காட்டுங்கள். அதோடு, இயக்கக் கூட்டத்துக்கு வருகிற எந்தப் பெண்ணிடமும் 'என்ன தோழர், இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

அந்தத் தோழர் கடைசியில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் என்று எங்களைச் சிலர் கேட்டார்கள். அதை எழுத மாட்டோம். அது அவர் விஷயம். சொல்ல அவர் அனுமதித்த ஒன்றே ஒன்று இருக்கிறது. அடுத்த வாசிப்பு வட்டத்தில் அதே காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, எல்லோர் நடுவிலும் வைத்து, ஒன்றரை மணி நேரம் அவர்தான் பேசினார். முதலில் மறுத்த மூத்த தோழர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தன் மருமகளுக்கு அந்தக் கேள்விகளை எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்!